கட்டியது 570 மில்லியன், விற்றது 25 மில்லியன்

எங்கள் பிள்ளைகள் கைதட்டும் அரங்குகளுக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

வீடு வாங்கி விற்பதைப் பற்றிக் கதைக்காத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோப் பக்கம் இல்லை. ஆகவே இந்தக் கணக்கு உங்களுக்கு உடனே பிடிபடும். ஒருவர் 150 ஆயிரம் டொலரில் வீடு கட்டித் தருகிறேன் என்கிறார். வேலை முடியும்போது பில் 570 ஆயிரத்தில் நிற்கிறது. கடன் ஏறுகிறது. கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவரே அதை 25 ஆயிரத்துக்கு வாங்கிக்கொள்கிறார்.

இதில் 'ஆயிரம்' என்று வரும் இடமெல்லாம் 'மில்லியன்' என்று போட்டுப் பாருங்கோ. அதுதான் ரொறன்ரோ ஸ்கைடோமின் கதை. இன்றைக்கு அதன் பெயர் றோஜர்ஸ் சென்ரர்.

2025 ஒக்ரோபரில் புளூ ஜேஸ் அணி 32 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடருக்குப் போனபோது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். பேஸ்போலில் 'இன்னிங்ஸ்' என்றால் என்ன என்று அதுவரை கேட்டிராத அம்மம்மாமார்கூட நடுச்சாமம் தாண்டி முழித்திருந்தார்கள். நவம்பர் 1ஆம் திகதி ஏழாவது ஆட்டம் பதினொரு இன்னிங்ஸ் வரை போய்த் தோற்றபோது பல வீடுகளில் பிள்ளைகள் அழுதார்கள். என் மகனும் அழுதான். அவனுக்கு எட்டு வயது.

அந்த நாட்களில் அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அப்பா, ஜேஸ் எங்கட டீம் எண்டா, அந்த ஸ்ரேடியமும் எங்கடதா?"

"ஒரு காலத்தில எங்கடதுதான்" என்றேன். மிச்சத்தைச் சொல்ல எட்டு வயது போதாது. பெற்றோருக்குச் சொல்லலாம். (கீழே வேறு நாணயம் குறிப்பிடாத இடங்களில் டொலர் என்பது கனடிய டொலர்.)

மழையில் தொடங்கிய கதை

ஜேஸ் அணி 1977 ஏப்ரலில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது பனி விழுந்துகொண்டிருந்த மைதானத்தில். ஏரிக்கரையில் இருந்த பழைய எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்துக்குக் கூரை ஒழுங்காக இல்லை. 1982 நவம்பரில் அங்கே நடந்த கிரே கிண்ண இறுதி ஆட்டம் முழுவதும் கொட்டும் மழை. அப்போதைய மாகாண முதல்வர் பில் டேவிசும் அன்று அரங்கில் இருந்தார். அடுத்த நாள் நகரசபைக்கு முன்னால் கூடிய சனம் "எங்களுக்கு மூடிய அரங்கு வேண்டும்" என்று கோஷம் போட்டது.

நியாயமான ஆசைதான். திட்டம் வந்தது: செலவு 150 மில்லியன். மாகாண அரசு 30, பெருநகர ரொறன்ரோ நிர்வாகம் 30. மிச்சத்தைத் தனியார் கொம்பனிகள் தலைக்கு 5 மில்லியன் வீதம் போடும். கேட்க நல்ல பங்காளித் திட்டமாகத்தான் இருந்தது.

பிறகு திட்டத்தில் ஒரு ஹோட்டல் சேர்ந்தது. உடற்பயிற்சிக் கழகம் சேர்ந்தது. அந்த அளவில் திறந்து மூடும் கூரை அப்போது புதுமையான விஷயம். 1989 ஜூனில் திறந்தபோது செலவு சுமார் 570 மில்லியன். 5 மில்லியன் போட்ட கொம்பனிகளின் பங்கு அதே 5 மில்லியனில்தான் நின்றது. அந்தக் காசுக்கு அவர்களுக்குத் தனி அறைகளும், வாகனத் தரிப்பிடமும், 99 வருடம் வரை நீட்டக்கூடிய விளம்பர, விற்பனை உரிமைகளும் கிடைத்தன. அந்த உரிமைகள் ஏலத்தில் விடப்படவும் இல்லை.

அதாவது செலவு கூடும்போது ஒரு பக்கத்தின் பங்குக்கு மேல்வரம்பு இருந்தது. மறுபக்கத்துக்கு வரம்பே இல்லை. அந்த மறுபக்கம் பொதுமக்கள். நான் வேலை செய்யும் மென்பொருள் துறையிலும் திட்டங்கள் சொன்ன செலவில் முடிவது அபூர்வம். அதனால்தான் எந்த ஒப்பந்தத்திலும் நாங்கள் முதலில் தேடும் வரி 'கூடினால் யார் தலையில்?' என்பது. ஸ்கைடோமின் ஒப்பந்தத்தில் அந்த வரிக்குரிய பதில், ஒன்ராறியோவில் வரி கட்டிய எல்லாரும். எண்பதுகளின் கடைசியில் வந்திறங்கி இரவில் பக்டரி, பகலில் பேப்பர் போடுதல் என்று ஓடிய எங்கள் அப்பா, அம்மாமாரும் அதற்குள் அடக்கம்.

அரங்கு நிறைந்தது, கடன் குறையவில்லை

'அரங்கு ஈ ஓட்டியிருக்கும், அதனால்தான் நட்டம்' என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. 1991இல் ஒரே பருவத்தில் 4 மில்லியன் பார்வையாளரைத் தாண்டிய முதல் பேஸ்போல் அணி ஜேஸ்தான். 1992, 1993 இரண்டு வருடமும் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள், உலகத் தொடரையும் வென்றார்கள். ஒரு விளையாட்டரங்குக்கு இதைவிட நல்ல காலம் வரவே முடியாது.

அதே காலத்தில் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. 1990இல் பதவிக்கு வந்த பொப் றே அரசு கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, அரங்கு இலாபம் காண வருடத்துக்கு 600 நாட்கள் நிகழ்ச்சி நடக்கவேண்டும் என்று தெரிந்தது. வருடத்துக்கு 365 நாள்தான். 1993இல் கடன் 400 மில்லியன் அளவுக்கு ஏறிவிட்டது.

1994இல் மாகாண அரசு கடனைத் தன் கருவூலத்திலிருந்து கட்டித் தீர்த்து, அரங்கை 151 மில்லியனுக்கு ஒரு தனியார் கூட்டுக்கு விற்றது. 1998இல் அவர்களும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டார்கள். அதற்குக் காரணம், பத்து வருட ஒப்பந்தம் முடிந்த தனியறைகளைப் பலர் புதுப்பிக்கவில்லை. பக்கத்திலேயே தனியார் காசில் புது அரங்கு ஒன்று, இன்றைய ஸ்கோஷியாபாங்க் அரீனா, எழும்பிக்கொண்டிருந்தது. 1999இல் ஸ்கைடோமின் விலை 80 மில்லியன் அளவுக்கு இறங்கியது. 2004 கடைசியில் றோஜர்ஸ் நிறுவனம் சுமார் 25 மில்லியன் கொடுத்து வாங்கியது. கட்டிய செலவில் 4 வீதத்துக்குச் சற்று மேல்.

ஏன் இவ்வளவு மலிவு? றோஜர்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே ஜேஸ் அணியை வாங்கிவிட்டது. வருடத்துக்கு 81 ஆட்டம் ஆடும் வாடகைக்காரர் அவர்தான். அவர் போய்விட்டால் அந்தக் கட்டடத்துக்கு வேறு பயன் அதிகம் இல்லை. ஒரே ஒரு வாடகைக்காரரை நம்பிக் கட்டிய வீட்டுக்கு அந்த வாடகைக்காரர் வைத்ததுதான் விலை.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அண்மையில் றோஜர்ஸ் அந்த அரங்கை 300 மில்லியனுக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்தது. தன் சொந்தக் காசில். கட்டடம் தங்களுடையதாக இருந்து, வருமானமும் தங்களுக்கே வரும் என்றால் கொம்பனிகள் செலவழிக்கத்தான் செய்கின்றன.

சனிக்கிழமைக் காசு

அரங்குக்குப் பொதுக்காசு கேட்பவர்கள் எப்போதும் சொல்லும் காரணம், 'ஊருக்குப் பொருளாதார வளர்ச்சி வரும்' என்பது. வேலை வரும், சுற்றுலா வரும், சாப்பாட்டுக் கடைகள் நிரம்பும் என்பார்கள்.

பொருளியலாளர்கள் பல விஷயத்தில் அடிபடுவார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்குள் அபூர்வமான ஒற்றுமை. ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இருவர் தொகுத்து 1997இல் வெளிவந்த ஆய்வு நூல் பல அமெரிக்க நகரங்களை எடுத்துப் பார்த்தது. சொன்ன வளர்ச்சி எங்கும் தெரியவில்லை. 2017இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஒரு மையம் முன்னணிப் பொருளியலாளரிடம் கேட்டபோது 83 வீதத்தினர், அரங்குகளுக்குக் கொடுக்கும் மானியத்தால் வரி கட்டுபவருக்கு வரும் செலவு உள்ளூருக்குக் கிடைக்கும் பலனைவிட அதிகமாகவே இருக்கும் என்றார்கள்.

ஏன் என்று விளங்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. உங்கள் வீட்டுச் சனிக்கிழமையை எடுங்கோ. நாலு பேர் ஆட்டத்துக்குப் போனால் ரிக்கெற், பார்க்கிங், ஹொட்டோக் என்று சில நூறு டொலர் போகும். ஆட்டம் இல்லாவிட்டால் அந்தக் காசு என்ன ஆகியிருக்கும்? சினிமாவுக்குப் போயிருக்கும். யாரோ ஒருவரின் பிறந்தநாள் அன்பளிப்பாகப் போயிருக்கும். மார்க்கம் றோட்டில் கொத்துரொட்டிக் கடைக்குப் போயிருக்கும். எப்படியும் இந்த ஊரில்தான் செலவாகியிருக்கும். அரங்கு புதுக்காசை உண்டாக்குவதில்லை, ஊருக்குள் ஓடும் காசை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது.

திருப்பிவிட்ட காசு ஊரிலேயே நிற்பதும் இல்லை. கொத்துரொட்டிக் கடைக்காரர் அதே ஊரில் வீட்டுக் கடன் கட்டுகிறார், பிள்ளையை நடன வகுப்புக்கு அனுப்புகிறார். ஆட்டக்காரருக்குப் போகும் மில்லியன்களில் பெரும்பங்கு அவர் வீடு இருக்கும் புளோரிடாவுக்கோ கலிபோர்னியாவுக்கோ போய்விடுகிறது. அரங்கில் வரும் வேலைகளும் பெரும்பாலும் ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் கிடைக்கும் பகுதிநேர வேலைகள்தான்.

அப்படியானால் ஏன் கொடுக்கிறார்கள்?

நகரசபையில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் பயப்படுகிறார்கள்.

வட அமெரிக்காவின் ஹொக்கி லீக்கில் 32 அணிகள், பேஸ்போல் லீக்கில் 30. இந்த எண்ணிக்கையை முடிவு செய்வது அணி உரிமையாளர்களே. அணி வேண்டும் என்று நிற்கும் நகரங்கள் எப்போதும் அணிகளைவிட அதிகம். அதனால் 'புது அரங்கு இல்லாவிட்டால் போய்விடுவோம்' என்ற சொல்லுக்குப் பலம் உண்டு. அது வெறும் மிரட்டலும் அல்ல. 1995இல் கியூபெக் நோர்டிக்ஸ் டென்வருக்குப் போனது. 1996இல் வினிபெக் ஜெற்ஸ் பீனிக்சுக்குப் போனது. மொன்றியல் எக்ஸ்போஸ் 2004 பருவத்தோடு முடிந்து வாஷிங்டனுக்குப் போனது.

அந்த மொன்றியலின் ஒலிம்பிக் அரங்குக் கதை தெரிந்ததுதான். 1976இல் நடந்த விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கின் கடன் அடைந்து முடிந்தது 2006 நவம்பரில். அதற்கென்றே போட்ட சிகரெட் வரியை முப்பது வருடம் மக்கள் கட்டினார்கள். எக்ஸ்போஸ் அணி அதற்கு முன்னரே ஊரைவிட்டுப் போய்விட்டது. கூரை ஓயாமல் பழுதாகும் அந்த அரங்குக்குப் புதுக் கூரை போட 2024இல் கியூபெக் அரசு அறிவித்த தொகை 870 மில்லியன்.

இன்றைய உதாரணம் கல்கரி. 2019இல் அங்கே ஒரு உடன்பாடு வந்தது: 550 மில்லியனில் புது அரங்கு, நகரமும் அணி உரிமையாளர்களும் பாதிப் பாதி. செலவு மேலே ஏறத் தொடங்கியதும் கூடிய காசை யார் கட்டுவது என்ற தகராறில் 2021 டிசம்பரில் அது முறிந்தது. 2023 ஏப்ரலில், மாகாணத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, புது உடன்பாடு. மொத்தத் திட்டம் 1.22 பில்லியன். நகரம் 537 மில்லியன். மாகாணம் 330 மில்லியன். அது சுற்றுப்புறக் கட்டமைப்பு, பழைய அரங்கை இடித்தல், ஒரு சமூக ஐஸ் அரங்கு ஆகியவற்றுக்கு. அணி உரிமையாளர்கள் ஆரம்பத்தில் 40 மில்லியன் கட்டி, பிறகு வருடம் 17 மில்லியனில் தொடங்கி மெதுவாகக் கூடும் தொகையை 35 வருடம் கட்டுவார்கள்.

கூட்டிப் பார்த்தால் அணியின் பங்கு 748 மில்லியன் வரும். கேட்க நகரத்தைவிட அவர்கள் அதிகம் கட்டுவது போல இருக்கும். ஆனால் சீட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், முதல் மாதம் கையில் கிடைக்கிற காசும் கடைசி மாதம் கிடைக்கிற காசும் ஒன்றல்ல. இன்னும் 35 வருடம் இழுத்துக் கட்டப்போகும் அந்தத் தொகையின் இன்றைய மதிப்பு சுமார் 356 மில்லியன்தான். மொத்தத்தில் 30 வீதத்துக்கும் குறைவு. 2019இல் பாதி கட்டச் சம்மதித்தவர்கள், ஒருமுறை எழுந்து போனதும் அதைவிட நல்ல பேரத்தோடு திரும்பி வந்தார்கள். நகரசபையில் எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

இதில் அரசியல்வாதியைத் திட்டுவது லேசு. அவர் இடத்தில் நின்று பாருங்கோ. அணி போய்விட்டால் 'அணியைத் துரத்தியவர்' என்று அவர் பெயர் என்றைக்கும் நிற்கும். காசு கொடுத்தாலோ, ஒவ்வொரு வீட்டின் வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும், யாரும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பலன் ஒரு சிலருக்கு மொத்தமாகப் போகிறது. செலவு எல்லாருக்கும் சில்லறையாகப் பிரிகிறது. சத்தம் போடுவது எப்போதும் மொத்தமாகப் பெறுபவர்தான்.

கனடாவோடு நிற்கும் விஷயமும் இல்லை இது. லண்டனில் 2012 ஒலிம்பிக் அரங்கைக் கட்ட 429 மில்லியன் பவுண்ட்ஸ், பிறகு உதைபந்தாட்டத்துக்கு ஏற்றபடி மாற்ற 323 மில்லியன் பவுண்ட்ஸ். அங்கே 99 வருடக் குத்தகையில் ஆடும் வெஸ்ற் ஹாம் கழகம் அந்த மாற்றத்துக்குக் கொடுத்தது 15 மில்லியன், வருட வாடகை 2.5 மில்லியன் அளவில். அரங்கின் வருடாந்த நட்டத்தைப் பொதுக்காசு சுமக்கிறது. சிட்னியில் 1988இல் திறந்த உதைபந்தாட்ட அரங்கை 2019இல் இடித்து, 828 மில்லியன் அவுஸ்திரேலிய டொலரில் புதிதாகக் கட்டினார்கள். பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் முதலில் காசைக் கொடுங்கள் என்ற வாதம் அந்த வருட மாநிலத் தேர்தலிலேயே பெரிய பேச்சாக இருந்தது.

ஆறு ஆட்டம், 380 மில்லியன்

இப்போது திரும்ப ரொறன்ரோவுக்கு. 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் எங்கள் நகரத்துக்குக் கிடைத்தவை ஆறு ஆட்டங்கள். 2018இல் ஆரம்ப மதிப்பீடு 30 முதல் 45 மில்லியன் வரை என்று இருந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடியது, பாதுகாப்புச் செலவு கூடியது, விலைவாசி கூடியது. 2024இல் நகரம் சொன்ன கணக்கு 380 மில்லியன். ஆட்டம் ஒன்றுக்கு 63 மில்லியன். மத்திய அரசும் மாகாண அரசும் ஒரு பங்கைத் தருகின்றன. அதுவும் எங்கள் இன்னொரு சட்டைப்பையில் இருந்து வருவதுதான்.

பிஎம்ஓ பீல்ட் அரங்கில் 17,000க்கு மேல் இருக்கைகள் தற்காலிகமானவை, போட்டி முடிந்ததும் கழற்றுவதற்கென்றே போடுபவை. ரிக்கெற் விற்ற காசும் தொலைக்காட்சி உரிமைக் காசும் பீபாவுக்கு. நகரத்துக்கு மிஞ்சுவது பொலிஸ், போக்குவரத்து, துப்புரவு ஆகியவற்றின் பில். அந்தக் கணக்கு வெளிவந்த அதே 2024இல்தான் ரொறன்ரோவில் சொத்து வரி 9.5 வீதம் கூடியது. அந்த உயர்வு உலகக் கிண்ணத்தால் வந்தது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் இரண்டு கடிதமும் ஒரே வீட்டுக் கதவுக்குள்தான் விழுகின்றன.

ஒப்பிட ஒரு எண் சொல்கிறேன். ஸ்காபரோவில் தமிழ்ச் சமூக மையம் அமைக்க மத்திய அரசும் மாகாண அரசும் 2021இல் சேர்ந்து அறிவித்த தொகை சுமார் 26.3 மில்லியன். அந்த அறிவிப்பு வந்த நாளில் எங்கள் சனம் எவ்வளவு பெருமைப்பட்டது! எத்தனை வருட அலைச்சல், எத்தனை கூட்டம், எத்தனை விண்ணப்பம். மிச்சக் காசை நாங்களே சேர்க்கவேண்டும் என்பதும் விதி. வருடம் முழுக்கப் பிள்ளைகளும் முதியோரும் புழங்கவேண்டிய இடத்துக்குக் கிடைத்த அந்தத் தொகை, தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றின் செலவில் பாதிகூட இல்லை.

மையத்துக்கு ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் கேட்டது சரிதான், பொதுக்காசு என்றால் அப்படித்தான் கேட்கவேண்டும். பெரிய இடத்திலும் அதே கண்டிப்போடு கேட்டால் என்ன என்பதுதான் என் ஆதங்கம்.

கலியாண வீட்டு நியாயம்

'எல்லாத்தையும் காசாலே அளக்கலாமோ?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 2019இல் ராப்டர்ஸ் வென்றபோது ஊர்வலத்தில் நின்றவர்களுக்கு, அந்தக் கூட்டத்தில் தாங்களும் இந்த ஊர் ஆட்கள் என்று தோன்றியதற்கு யார் விலை போடுவது? எங்கள் பெற்றோருக்கு இந்த நாடு வேலை செய்யும் இடமாக இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஊர். வகுப்பில் ஜேஸ் தொப்பி போட்ட பிள்ளையிடம் 'நீ எங்கிருந்து வந்தனீ?' என்று யாரும் கேட்பதில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

அதை நான் மறுக்கவில்லை. கலியாணத்துக்கு நாங்கள் கணக்கில்லாமல் செலவழிக்கிறோம். அது முதலீடு, திரும்பி வரும் என்று யாரும் சொல்வதில்லை. சந்தோஷத்துக்கு என்று தெரிந்தே செலவழிக்கிறோம், கைக்கு அடக்கமாக ஒரு அளவும் வைத்துக்கொள்கிறோம். ஒரு நகரமும் அப்படிச் செய்யலாம். 'இது எங்கள் கொண்டாட்டம், இவ்வளவு செலவாகும், சரியா?' என்று நேரே கேட்கட்டும். சனம் ஆம் என்றால் ஆம். ஆனால் மண்டபக்காரர் வந்து, 'உங்கள் கலியாணத்தால் முழு ஊருக்கும் இலாபம், ஆகையால் ஊரே எனக்கு மண்டபம் கட்டித்தரட்டும், வாடகையை நான் எடுக்கிறேன்' என்றால் எந்தப் பெரியவராவது தலையாட்டுவாரா?

கேட்கவேண்டியவை

நீங்கள் எந்த நகரத்தில் இருந்தாலும், அடுத்த அரங்குத் திட்டம் வரும்போது ஐந்து கேள்வி போதும்.

செலவு கூடினால் யார் கட்டுவது? ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மேல்வரம்பு இருந்தால், ஸ்கைடோமை நினையுங்கள்.

கட்டடம் யாருடையது, வருமானம் யாருக்கு? நகரத்தின் பெயரில் இருந்து அணி வருமானத்தை எடுத்தால், சொத்து வரியும் கூரைத் திருத்தமும் மட்டும்தான் எங்களுக்கு மிஞ்சும்.

அவர்கள் கட்டும் தொகையின் இன்றைய மதிப்பு என்ன? 35 வருடக் கூட்டுத்தொகையைக் கேட்டு மயங்கவேண்டாம்.

எத்தனை வருடம் அணி கட்டாயம் இருக்கவேண்டும், முதலே போனால் என்ன தண்டம்?

'பொருளாதார வளர்ச்சி' அறிக்கையை எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

இந்தக் கேள்விகளை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு விடாமல், உங்கள் நகரசபை உறுப்பினருக்கு அனுப்புங்கோ. ரொறன்ரோவில் நகரசபைக் குழுக் கூட்டங்களில் யாரும் பெயர் பதிந்து சில நிமிடம் பேசலாம். எங்கள் பெற்றோர் தலைமுறை அந்தப் படியில் ஏறத் தயங்கியது. மொழி ஒரு தடை, இரண்டு வேலை ஒரு தடை, 'வந்த இடத்தில எங்களுக்கேன் உந்த வில்லங்கம்' என்ற எண்ணம் இன்னொரு தடை. எங்களுக்கு இந்த மூன்றும் இல்லை. நாங்கள் இங்கேயே படித்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே வாக்குப் போடுகிறவர்கள்.

பிள்ளைகளிடமும் கதைக்கலாம். ரசிகராக இருப்பதும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவரே பொதுக்கூட்டத்தில் எழுந்து நிர்வாக சபையிடம் வரவு செலவு கேட்கிறார். பக்தி குறைந்ததால் அவர் கேட்கவில்லை, கோயில் தன்னுடையது என்பதால் கேட்கிறார். அடுத்த பருவத்திலும் நாங்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போகத்தான் போகிறோம். போகிற வழியில், இந்தக் கூரைக்கு யார் காசு கட்டினது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு போவோம்.